கடலுக்கு அன்னபேதி

நிலக்கடலைக் கொல்லையில் சில வருஷங்களில் இப்படி ஒரு காட்சி கண்ணில் படும். அடி இலைகள் பச்சையாக இருக்கும். கொழுந்து மட்டும் வெளுத்திருக்கும். ஒரு கொழுந்தைக் கிள்ளி வெயிலுக்கு எதிரே பிடித்தால் நரம்பு பச்சை, நரம்புகளுக்கு நடுவே மஞ்சள். இன்னும் முற்றினால் கொழுந்து காகிதம் போல வெள்ளையாகிவிடும். தொழுவுரம் போட்டாயிற்று, யூரியா போட்டாயிற்று, தண்ணீருக்கும் குறைவில்லை. அனுபவப்பட்ட விவசாயி உரக்கடைக்குப் போய் அன்னபேதி கேட்பார். வெளிர்பச்சையில் உடைத்த கற்கண்டு மாதிரி இருக்கும் உப்பு அது. தண்ணீரில் கரைத்து இலையில் தெளித்தால் சில நாட்களில் கொழுந்து பச்சை கட்டும். கடைக்காரர் பில்லில் ஃபெரஸ் சல்பேட் என்று எழுதுவார். செடிக்குத் தட்டியது இரும்பு.

இந்த நோய் பெரும்பாலும் சுண்ணாம்பு மிகுந்த மண்ணில்தான் வரும். அந்த மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, வேண்டிய மட்டும் இருக்கிறது. ஆனால் மண்ணின் காரத்தன்மை அதைக் கரையவிடாது. கரையாத இரும்பை வேரால் குடிக்க முடியாது. சோற்றுப்பானையைப் பூட்டி வைத்துவிட்டுப் பிள்ளையைப் பட்டினி போட்ட மாதிரி.

உலகக் கடல்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதே நோயோடு கிடக்கிறது. அன்டார்க்டிகாவைச் சுற்றிய தென்பெருங்கடல், பசிபிக்கின் நடுக்கோட்டுப் பகுதி, அதே பசிபிக்கின் வடகோடி ஆகிய மூன்றும்தான் அவை. அங்கே நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தாராளமாக உண்டு. நிலத்தின் கணக்கில் சொன்னால் பேரூட்டம் எல்லாம் போட்ட வயல். ஆனாலும் கடலின் பயிரான மிதவைப் பாசி அங்கே சரியாக வளர்வதில்லை. தண்ணீர் தெளிந்து நீலமாகக் கிடக்கும். கண்ணுக்கு அழகு, மீனுக்குப் பஞ்சம். ஏன் இப்படி என்று கடல் ஆராய்ச்சியாளர்கள் பல பத்தாண்டுகள் தவித்தார்கள். இரும்பாக இருக்கலாம் என்று 1930களிலேயே சிலர் ஊகித்தார்கள். ஆனால் அதை நிரூபிக்க வழியில்லை. கடல்நீரில் எவ்வளவு இரும்பு கரைந்திருக்கிறது என்று உலகத்தில் ஒருவராலும் சரியாக அளக்க முடியவில்லை. அளக்க அரை நூற்றாண்டு ஆயிற்று.

ஒரு கிலோ கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்பு இருக்கிறது. அதில் 99 சதவீதத்துக்கு மேல் ஆறே ஆறு பொருட்கள்: குளோரைடு, சோடியம், சல்பேட், மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம். மிச்சமிருக்கும் துளியூண்டில்தான் இரும்பு, துத்தநாகம், செம்பு, மாங்கனீசு, நிக்கல், கோபால்ட், காட்மியம், ஈயம், பாதரசம், தங்கம் எல்லாம் அடக்கம். இவற்றைச் சுவடு உலோகங்கள் என்கிறார்கள். ஈர மணலில் ஒரு குருவி நடந்துபோன தடம் அளவுக்குத்தான் இருப்பு என்பதால் இந்தப் பெயர் எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

அளவை மனதில் வாங்கிக்கொள்ள ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். தென்பெருங்கடலின் மேல்மட்ட நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 5 அல்லது 6 நானோகிராம் இரும்பு கரைந்திருக்கும். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோகிராம். நம் தெருவுக்கு வரும் தண்ணீர் லாரி ஒன்றில் 12,000 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். 100 மில்லிகிராம் எடையுள்ள ஒரு குண்டூசி அளவு இரும்பைச் சேர்க்க, அந்தக் கடல்நீர் ஏறக்குறைய 1,500 லாரி வேண்டும். ஆழ்கடல் நீர் என்றால் கொஞ்சம் வளம் கூடுதல். 250 லாரியில் கிடைத்துவிடும்.

பூமியின் மேலோட்டில் எடைக் கணக்கில் நூற்றுக்கு ஐந்து பங்கு இரும்பு. ஆக்சிஜன், சிலிக்கன், அலுமினியத்துக்கு அடுத்தபடி அதுதான். நிலத்தில் இவ்வளவு மலிந்த பொருள் கடலில் ஏன் இத்தனை அரிது? சுண்ணாம்பு மண்ணில் என்ன நடந்ததோ அதேதான். கடல்நீரும் காரம்தான், அதன் பிஎச் அளவு 8.1 வாக்கில் இருக்கும். அதோடு ஆக்சிஜனும் கரைந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் இரும்பு துருவாகிவிடும். துரு கரையாது, துகளாகித் திரண்டு அடியில் போய்ப் படிந்துவிடும்.

ஆதியில் கடல் இப்படி இருக்கவில்லை. காற்றிலும் நீரிலும் ஆக்சிஜன் இல்லாத அந்தக் காலத்தில் கடல் நிறைய இரும்பு கரைந்து கிடந்தது. உயிர்கள் ஒளிச்சேர்க்கைக்கான கருவிகளை உருவாக்கிக்கொண்டது அந்தக் கடலில்தான். மலிவாகக் கிடைத்த பொருள் என்பதால் கருவிக்குக் கருவி இரும்பை வைத்தே கட்டின. பிறகு அதே ஒளிச்சேர்க்கை வெளியிட்ட ஆக்சிஜன் கடலின் இரும்பைத் துருவாக்கிக் கீழே இறக்கியது. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றிலும் ஆக்சிஜன் சேர்ந்தது. அப்படி இரும்பு படிந்த பழங்காலக் கடலடிதான் இன்று உலகமெங்கும் வரி வரியான இரும்புப் பாறைகளாக நிற்கிறது. சேலத்துக்குப் பக்கத்தில் கஞ்சமலையில் கரு வரியும் வெண் வரியும் மாறி மாறி ஓடும் மாக்னடைட் பாறை இந்த வகைதான். அந்தக் கல்லைக் கையில் எடுப்பவர், கடல் இழந்த இரும்பையே எடுக்கிறார். பாசிகளின் முன்னோர் செய்த காரியத்தின் பலனை இன்றைய பாசிகள் அனுபவிக்கின்றன: உடலெல்லாம் இரும்பு கேட்கும் கருவி, சுற்றிலும் இரும்பே இல்லாத நீர்.

ஒரு லட்சம் கார்பன் அணுவுக்கு ஓர் இரும்பு அணு இருந்தால் போதும், மிதவைப் பாசி பிழைத்துக்கொள்ளும். அந்த ஓர் அணு கிடைக்காவிட்டால் மற்றதெல்லாம் இருந்தும் பயனில்லை. நைட்ரேட்டை உடைத்து உண்பதற்கே இரும்பு வைத்த நொதி வேண்டும். அதனால்தான் தென்பெருங்கடலில் நைட்ரேட் தின்னாமல் மிஞ்சிக் கிடக்கிறது.

கடலுக்கு இரும்பு எங்கிருந்து வருகிறது? ஆறுகள் கொண்டுவருவதில் பெரும்பகுதி முகத்துவாரத்திலேயே, உப்பு நீர் பட்டவுடன் திரண்டு படிந்துவிடும். நடுக்கடல் வரை போய்ச் சேர்வது காற்றில் பறக்கும் புழுதி. சகாராவின் புழுதி அட்லாண்டிக்கைத் தாண்டிப் போகிறது. அரேபியாவின் புழுதியும் தார் பாலைவனத்தின் புழுதியும் அரபிக்கடலில் விழுகின்றன. தென்பெருங்கடலுக்குப் பக்கத்தில் அப்படிப் பெரிய பாலைவனம் கிடையாது. சுற்றிலும் பனி, பனிக்கு அப்பால் தண்ணீர். அங்கே பஞ்சம் அதிகமாக இருப்பதற்கு அதுவே பெரிய காரணம். கடலடியில் கொதிநீர் ஊற்றுகளும் உண்டு. 1977இல் காலபாகோஸ் தீவுகளுக்கு அருகே முதன்முதலில் கண்டுபிடித்தார்கள். அவை கக்கும் இரும்பு வாயிலைத் தாண்டுவதற்குள் துருவாகிவிடும் என்றுதான் வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். 2015இல் வெளியான ஓர் ஆய்வு, கிழக்குப் பசிபிக்கின் ஊற்றிலிருந்து புறப்பட்ட இரும்பு 4,000 கிலோமீட்டருக்கு அப்பாலும் கரைந்த நிலையில் போவதைக் காட்டியது.

கரைந்த நிலையிலேயே எப்படித் தங்குகிறது? நுண்ணுயிர்களிடமிருந்து வரும் கரிமப் பொருட்கள் இரும்பு அணுவை நண்டு கொடுக்கால் கவ்வுவது போலக் கவ்விக்கொள்கின்றன. கடலில் கரைந்திருக்கும் இரும்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு இப்படி யாரோ ஒருவர் பிடியில்தான் இருக்கிறது. பிடித்து வைத்திருப்பதால்தான் அது விழாமல் நிற்கிறது. 1990களின் நடுவில் இது தெரிந்தபோது, கடல்நீரைப் பற்றிய எண்ணமே மாறிப்போனது. உப்புக் கரைசல் என்று நினைத்தது, உயிர்கள் கைப்படப் பராமரிக்கும் நீர் என்று ஆயிற்று.

மற்ற உலோகங்களுக்கும் இப்படி ஒவ்வொரு கதை உண்டு. கார்பன் டை ஆக்சைடைப் பயன்படுத்தும் நொதிக்குத் துத்தநாகம் வேண்டும். வைட்டமின் பி12இன் நடுவில் உட்கார்ந்திருப்பது கோபால்ட். செம்பு கொஞ்சம் இருந்தால் மருந்து, கொஞ்சம் கூடினால் நஞ்சு. கப்பலின் அடியில் பாசியும் கொட்டலசும் ஒட்டாமலிருக்கச் செம்பு கலந்த பெயின்ட் அடிப்பது அதனால்தான். காட்மியம் நமக்கு எலும்பை உருக்கும் விஷம். ஆனால் துத்தநாகம் கிடைக்காத நேரத்தில் சில டயட்டம் பாசிகள் அதே நொதியில் காட்மியத்தை வைத்துச் சமாளிக்கின்றன. காட்மியத்துக்கு உயிருலகில் ஒரு வேலை இருப்பது தெரிந்தது இந்த ஓர் இடத்தில்தான். பாறையிலும் படகின் அடியிலும் ஒட்டிக்கொண்டு, தொட்டால் நீரைப் பீச்சும் சில கடற்பிராணிகள், நீரில் இருப்பதைப்போல ஒரு கோடி மடங்கு வரை வெனேடியத்தை இரத்தத்தில் சேர்த்து வைக்கின்றன. எதற்காகச் சேர்க்கின்றன என்பது இன்னும் விளங்காத புதிர்.

நான் சொல்ல வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, இவற்றை அளந்த கதை. அதற்குத் தங்கத்திலிருந்து தொடங்க வேண்டும்.

முதல் உலகப்போரில் தோற்ற ஜெர்மனி மீது 13,200 கோடி தங்க மார்க் இழப்பீடு சுமத்தப்பட்டது. காற்றிலிருந்து அம்மோனியா செய்யும் வழியைக் கண்டு நோபல் பரிசு பெற்ற ஃப்ரிட்ஸ் ஹாபர், கடல்நீரிலிருந்து தங்கம் எடுத்து அந்தக் கடனை அடைத்துவிடலாம் என்று நம்பினார். ஒரு டன் கடல்நீரில் சில மில்லிகிராம் தங்கம் இருப்பதாக அப்போதைய நூல்கள் சொல்லின. பயணிகள் கப்பலில் ஆய்வுக்கூடம் அமைத்துக் கடல் கடலாகச் சுற்றி, ஆயிரக்கணக்கான மாதிரிகளைச் சோதித்தார். சோதிக்கச் சோதிக்கத் தங்கம் குறைந்துகொண்டே போனது. பழைய ஆய்வாளர்கள் கண்ட தங்கத்தில் பெரும்பங்கு கடலுடையது அல்ல. பாத்திரத்திலிருந்தும் ரசாயனங்களிலிருந்தும் வந்தது. நம்பியதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் தேறும் என்று கண்டு, சில ஆண்டுகளில் கைவிட்டார். இன்றைய கணக்குப்படி அதுவும் அதிகம். 10 கோடி டன் கடல்நீரில் ஒரு கிராம் தங்கம். ஒரு பவுனுக்கு 80 கோடி டன்!

அடுத்து ஈயம். கலிஃபோர்னியாவில் கிளேர் பேட்டர்சன் என்ற வேதியியலாளர் விண்கல்லில் உள்ள ஈயத்தை வைத்துப் பூமியின் வயதைக் கணக்கிட முயன்றார். அளக்கும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண் வந்தது. ஈயம் எங்கும் இருந்தது: குழாயில், பெயின்டில், தூசியில், தலைமுடியில். தரையைத் துடைத்து, காற்றை வடிகட்டி, அமிலத்தைத் தானே காய்ச்சி வடித்து, அதுவரை ஒருவரும் செய்யாத அளவுக்குச் சுத்தமான ஓர் அறையை உண்டாக்கினார். 1956இல் பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று வெளியிட்டார். அந்த எண் இன்றுவரை நிற்கிறது. அத்தோடு அவர் ஓய்ந்திருக்கலாம். ஆனால் இவ்வளவு ஈயம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அவரை விடவில்லை. அதே சுத்தத்தோடு கடலுக்குப் போய் அளந்தார். ஆழ்கடலில் ஈயம் குறைவு, மேல்மட்டத்தில் பல மடங்கு அதிகம். மேலே அதிகம் என்றால் மேலிருந்து விழுகிறது என்று பொருள். விழுந்தது வாகனப் புகை. பெட்ரோலில் கலந்த ஈயம் காற்றில் போய் நடுக்கடல் வரை இறங்கியிருந்தது.

ஈயம் கலந்த பெட்ரோலை எதிர்த்து அவர் பல ஆண்டுகள் போராடினார். ஒவ்வொரு நாடாக அதைக் கைவிட்டது; இந்தியா 2000இல், கடைசியாக அல்ஜீரியா 2021இல். பவளப்பாறையும் மரத்தைப் போல ஆண்டுக்கு ஒரு வளையம் வளரும். அன்றைய கடல்நீரின் ஈயம் அந்த வளையத்தில் பதிந்திருக்கும். நம் இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுப் பவளத்தில் 1970களின் நடுவிலிருந்து ஈயம் ஏறுவது தெரிகிறது. அந்த வளையங்களில் பதிந்திருப்பது நாம் ஓட்டிய வண்டிகளின் புகையும்தான் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

பேட்டர்சன் காட்டிய சுத்தத்தை 1970களில் மற்றவர்களும் கைக்கொண்டார்கள். பழைய நூல்களில் இருந்த எண்கள் பத்து மடங்கு, நூறு மடங்கு, சிலவற்றில் ஆயிரம் மடங்கு மிகை என்று தெரியவந்தது. அளந்தது கடலின் உலோகத்தை அல்ல, கப்பலின் உலோகத்தை. எட்வர்ட் பாயில் 1976இல் காட்மியத்தை ஆழம் ஆழமாக அளந்து வெளியிட்டார். பாஸ்பேட் எங்கே கூடியதோ அங்கே காட்மியமும் கூடியது, குறைந்த இடத்தில் குறைந்தது, கைகோத்து நடந்த மாதிரி. கென்னத் புரூலண்ட் துத்தநாகத்தை அளந்தார். அது சிலிக்காவோடு அதே போல ஒட்டி நடந்தது. மாசு கலந்த எண்கள் தாறுமாறாகக் குதிக்கும். சரியான எண்கள் ஏதோ ஓர் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டு நிற்கும். அப்படி நின்றபோதுதான் இந்த உலோகங்களும் பாசியின் உடம்புக்குள் போய், பாசியோடு மூழ்கி, ஆழத்தில் திரும்பக் கரைகின்றன என்பது உறுதியானது.

இந்த வேலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். நிற்கும் கப்பலே எஃகு. அதன் துருத்தூள் ஒன்று பாட்டிலில் விழுந்தால் அன்றைய உழைப்பு வீண். அதனால் எஃகுக் கம்பிக்குப் பதில் கெவ்லர் போன்ற செயற்கை இழைக் கயிற்றில் பாட்டிலைக் கட்டி இறக்குகிறார்கள். பாட்டில் மூடியபடியே கடலுக்குள் இறங்கி, மேல்மட்டத்தைத் தாண்டிய பின்தான் வாய் திறக்கும். குறித்த ஆழத்தில் மறுபடி மூடிக்கொள்ளும். மேலே வந்ததும் அதை பிளாஸ்டிக் உறையால் போர்த்தித் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், வடிகட்டிய காற்று ஓடும் அறைக்கு. அந்த அறையின் சுவரெல்லாம் பிளாஸ்டிக். உள்ளே இருப்பவர் கையில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஜோடிக் கையுறை. கையுறையில் பவுடர் இருக்கக்கூடாது, பவுடரில் துத்தநாகம் உண்டு. கறுப்பு ரப்பர் வளையம் கூடாது, அதிலும் துத்தநாகம். சில மஞ்சள் பிளாஸ்டிக் முனைகள் கூடாது, அந்த மஞ்சளில் காட்மியம். மாதிரி சேகரிக்கும் சிறு பாட்டில்கள் ஏற்கெனவே வாரக்கணக்கில் அமிலத்தில் ஊறி, பலமுறை அலசி, இரட்டைப் பையில் இருக்கும். ஆடும் கப்பலில், நடுராத்திரியில், இந்த விதிகளில் ஒன்றைக்கூடத் தளர்த்தாமல் வேலை செய்கிறவர்களை நினைத்தால் மடியாகச் சமைக்கும் பாட்டிமார்களின் கண்டிப்பு நினைவுக்கு வருகிறது.

இந்தச் சுத்தத்தோடு இரும்பை அளந்தவர் ஜான் மார்ட்டின், கலிஃபோர்னியாவின் மாஸ் லேண்டிங் கடல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநர். இளவயதில் போலியோ தாக்கி, ஊன்றுகோலோடு நடந்தவர். 1980களில் அலாஸ்கா வளைகுடாவில் நீரெடுத்துச் சுத்தமான பாட்டில்களில் நிரப்பினார். சிலவற்றில் துளி இரும்பு சேர்த்தார், சிலவற்றைச் சும்மா விட்டார். இரும்பு சேர்த்தவற்றில் பாசி செழித்து வளர்ந்து மிஞ்சிக் கிடந்த நைட்ரேட்டைத் தின்று தீர்த்தது. 1988இல் முடிவை வெளியிட்டார். அன்டார்க்டிகாவின் பனியில் துளைத்தெடுத்த பனித்தண்டுகளின் பதிவுகளைப் பார்த்தபோது அவருக்கு இன்னொன்றும் தெரிந்தது. பனியுகங்களில் காற்றில் புழுதி அதிகம், கார்பன் டை ஆக்சைடு குறைவு. புழுதி கடலுக்கு இரும்பு கொடுத்து, பாசி பெருகி, கார்பனை உறிஞ்சி ஆழத்துக்குக் கொண்டுபோயிருக்குமோ? அரைக் கப்பல் இரும்பு கொடுத்தால் ஒரு பனியுகத்தையே கொண்டுவருகிறேன் என்று ஒரு கூட்டத்தில் சொன்னார். மிகைதான், ஆனால் அந்தப் பேச்சு உலகமெங்கும் பரவியது.

பாட்டிலும் கடலும் ஒன்றாகுமா என்று கேட்டவர்கள் பலர். நியாயமான கேள்வி. பாட்டிலில் பாசியை மேய ஆள் குறைவு, நீரோட்டமும் இல்லை. கடலிலேயே செய்து பார்க்கலாம் என்று மார்ட்டின் திட்டம் போட்டார். 1993 ஜூனில் புற்றுநோயில் இறந்துபோனார். நான்கு மாதம் கழித்து, அக்டோபரில், அவருடைய சகாக்கள் காலபாகோஸுக்குத் தெற்கே 64 சதுர கிலோமீட்டர் கடலில் சுமார் 450 கிலோ இரும்பைக் கரைத்து விட்டார்கள். கரைத்தது என்ன தெரியுமா? அதே ஃபெரஸ் சல்பேட், நம் உரக்கடை அன்னபேதி. முதல் முறை பலன் சுமார். இரும்பிட்ட நீர் வேறொரு நீரடுக்குக்குக் கீழே நழுவிவிட்டது. 1995இல் மறுபடி போய் மூன்று தவணையாக விட்டபோது பச்சையம் இருபது மடங்குக்கு மேல் ஏறியது. நீலக் கடல் கண்ணெதிரே பச்சையாயிற்று.

பின்னர் தென்பெருங்கடலிலும் வட பசிபிக்கிலும் பல முறை செய்தார்கள். இரும்புப் பஞ்சம் உண்மை என்பதில் இன்று ஒருவருக்கும் சந்தேகமில்லை. ஆனால் பாசி வளர்வது வேறு, வளர்ந்த பாசி கார்பனோடு ஆழ்கடலுக்கு இறங்குவது வேறு. காற்றின் கார்பன் டை ஆக்சைடைக் குறைக்க வேண்டுமானால் இரண்டாவது நடக்க வேண்டும். 2004இல் தென்பெருங்கடலில் ஜெர்மானியர் நடத்திய சோதனையில் டயட்டம் பாசிகள் பெருகின. மடிந்த பிறகு அவற்றில் பாதிக்கு மேல் ஆயிரம் மீட்டருக்குக் கீழே இறங்கின.

அடுத்த சோதனையில் நம் நாடும் பங்கெடுத்தது. கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெகனர் நிறுவனமும் சேர்ந்து 2009 ஜனவரியில் கேப் டவுனிலிருந்து போலார்ஸ்டெர்ன் கப்பலில் புறப்பட்டன. சோதனையின் பெயர் லோஹாஃபெக்ஸ். லோஹா என்றால் இந்தியில் இரும்பு. கடலில் இரும்பு கொட்டக்கூடாது என்று சூழல் அமைப்புகள் எதிர்த்தன. ஜெர்மனியின் சுற்றுச்சூழல் அமைச்சகமே நிறுத்தச் சொன்னது. மறுஆய்வுக்குப் பிறகு அனுமதி கிடைத்தது. தென் அட்லாண்டிக்கில் ஒரு நீர்ச்சுழலுக்குள் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில், இரண்டு தவணையாக, தவணைக்கு 10 டன் அன்னபேதி, அதாவது 2 டன் இரும்பு விட்டார்கள். 39 நாள் கூடவே இருந்து கவனித்தார்கள். பச்சையம் இரண்டு மடங்காயிற்று. ஆனால் டயட்டம் வளரவில்லை. அதற்குக் கண்ணாடி ஓடு கட்டச் சிலிக்கா வேண்டும். அந்த நீரில் சிலிக்கா தீர்ந்திருந்தது. ஒரு சத்தின் குறையைத் தீர்த்தால் அடுத்த சத்து தட்டும் என்பது விவசாயிக்குத் தெரிந்த விஷயம். டயட்டத்துக்குப் பதில் வளர்ந்த ஓடில்லாத சிறு பாசிகளைக் கோபிபாட் என்னும் பொடி மிதவை விலங்குகள் மேய்ந்து தீர்த்தன. பயிர் வந்தது, வேலியில்லாத கொல்லையில் ஆடு புகுந்துவிட்டது. ஆழத்துக்கு இறங்கிய கார்பன் சொற்பம்.

இதைத் தோல்வி என்று சிலர் எழுதினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எந்த நீரில், எந்தப் பருவத்தில், எந்தப் பாசிக்கு என்று கேட்காமல் இரும்பைக் கொட்டினால் என்ன ஆகும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய சோதனை வேறில்லை. பூமி சூடேறுவதைத் தடுக்கக் கடல் முழுக்க இரும்பு தூவலாம் என்ற யோசனை இன்றும் அவ்வப்போது தலைதூக்குகிறது. 2012இல் கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால் ஆய்வாளர்களின் மேற்பார்வை இல்லாமலே சுமார் 100 டன் இரும்புச் சேர்மம் கொட்டப்பட்டது. இதில் எனக்கு உள்ள பயம் காவிரி பாயும் ஊர்க்காரருக்குச் சட்டென்று புரியும். தென்பெருங்கடலில் மிஞ்சும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வீணாகவில்லை. அந்த நீர் மூழ்கி, வடக்கே பரவி, வெப்பமண்டலக் கடல்களில் மேலே வந்து அங்குள்ள பாசிக்கும் மீனுக்கும் உணவாகிறது. மேல்மடையில் எல்லாவற்றையும் உறிஞ்சிவிட்டால் கடைமடையில் இருக்கிறவர்கள் எதைப் பாய்ச்சுவார்கள்?

இப்போது உலகக் கடல்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்து சுவடு உலோகங்களை அளக்கும் பன்னாட்டுத் திட்டம் ஒன்று நடக்கிறது, பெயர் ஜியோட்ரேசஸ். இந்தியத் தரப்பில் அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தினர் சாகர் கன்யா கப்பலில் சுத்தமான பாட்டில்களோடு இந்தியப் பெருங்கடலை அளந்திருக்கிறார்கள். அரபிக்கடலின் நடு ஆழத்தில் ஆக்சிஜன் அற்றுப்போன பெரிய அடுக்கு ஒன்று உண்டு. அங்கே கரைந்த இரும்பும் மாங்கனீசும் கூடுதலாக இருப்பது அளவில் தெரிகிறது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் இரும்பு துருப்பிடிக்காது. கஞ்சமலைப் பாறை படிந்த காலத்துக் கடலின் சாயல் கொஞ்சம் அந்த அடுக்கில் மிச்சமிருக்கிறது.

இரும்பு விஷயத்தில் கடலுக்குச் சொந்தமாக ஓர் ஏற்பாடு இருந்தது. அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுவார்கள்; ராத்திரி முழுக்க ஆடுகள் அடைந்து கிடந்து புழுக்கை போட்டு நிலத்துக்குச் சத்தைத் திருப்பிக் கொடுக்கும். தென்பெருங்கடலில் அந்த வேலையைச் செய்தவை திமிங்கிலங்கள். பாசியின் இரும்பு, பாசியைத் தின்னும் கிரில் உடம்புக்குப் போகிறது. நம் ஊர்க் கூனியைப் போன்ற சிற்றுயிர் அது. கிரிலைத் திமிங்கிலம் தின்கிறது. கொழுப்பையும் புரதத்தையும் எடுத்துக்கொண்டு இரும்பில் பெரும்பங்கைக் கழித்துவிடுகிறது. அந்தச் சாணத்தில் சுற்றியுள்ள நீரைவிட ஒரு கோடி மடங்கு இரும்பு இருப்பதாக 2010இல் அளந்தார்கள். அது கெட்டியாக மூழ்காது, செம்புழுதி மாதிரி மேல்நீரில் கலைந்து பரவும். பாசிக்கு அங்கேதான் அது தேவை.

இருபதாம் நூற்றாண்டில் தென்கோளத்தில் மட்டும் 20 லட்சம் திமிங்கிலங்களைக் கொன்றார்கள். தின்ன ஆளில்லாமல் கிரில் பெருகியிருக்க வேண்டும். பெருகவில்லை, பல இடங்களில் குறைந்தது. கிடை போனதால் வயல் மெலிந்தது என்பது இதற்கு விக்டர் ஸ்மெட்டாசெக் தரும் விளக்கம். குமாவோன் மலையில் வளர்ந்தவர். 2004 சோதனையிலும் லோஹாஃபெக்ஸிலும் முன்நின்றவர். எனக்கு அந்த விளக்கம் நம்பத்தக்கதாகவே தோன்றுகிறது.

திமிங்கில வேட்டையின் தலைமையிடமாக இருந்தது தெற்கு ஜார்ஜியா தீவு. வேட்டைக்குப் பின் பல பத்தாண்டுகள் அங்கே நீலத் திமிங்கிலத்தைப் பார்ப்பதே அபூர்வம். 2020இல் ஆய்வுக்குப் போனவர்கள் ஐம்பதுக்கு மேல் எண்ணினார்கள். கிரில் தேடி வந்திருந்தன.